பச்சைத் திரையும் எண்ணெய் வைத்த தலையும்

கேள்வி (மலேசியாவின் பட்டர்வொர்த்திலிருந்து):
போன வாரம் ஒரு தமிழ்ப்பள்ளியில் 140 பிள்ளைகளைப் பச்சைத் திரை முன் நிறுத்திப் படமெடுத்தேன்; கணினியில் பச்சையை நீக்கி வேறு பின்னணி போடத்தான். கருநீல உடுப்பு தப்பித்தது. தேங்காய் எண்ணெய் மினுங்கும் இரட்டைச் சடைகளின் ஓரமெல்லாம் பச்சை படிந்திருக்கிறது. அடுத்தது இடைநிலைப்பள்ளி. என்ன செய்யலாம்?

பதில்:
அண்ணா, துணியில் பட்ட வெளிச்சம்தான் முடியில் திரும்பி விழுகிறது. பிள்ளையைத் திரையிலிருந்து எவ்வளவு தள்ளி நிறுத்தினீர்கள்? இரண்டு மீட்டராவது வேண்டும். திரைக்குத் தனி விளக்கு வையுங்கள்.

கேட்டவர்:
ஓர் அடிகூட இல்லை, தம்பி. வகுப்பறை அவ்வளவுதான்.

இன்னொருவர்:
இடைநிலைப்பள்ளிக்கு அந்தத் துணியைத் தூக்கிக்கொண்டு போய்விடாதீர்கள்! பையன்களின் காற்சட்டையே பச்சை. எனக்கு ஒருமுறை ஒருவனின் இடுப்புக்குக் கீழே பினாங்குப் பாலம் வந்துவிட்டது. பெண்பிள்ளைகளின் உடுப்பு நீலப்பச்சை. ஆகவே நீலத் திரையும் உதவாது. சாம்பல் துணியைக் கட்டுங்கள்.