டலானிகாவில் அடித்த 1847 ஐந்து டாலர் பொற்காசு, வாங்கலாமா?

அட்லாண்டாவாசி:
வணக்கம். பழைய அமெரிக்கப் பொற்காசுகள் பக்கம் இப்போதுதான் வந்திருக்கிறேன். போன மாதம் குடும்பத்தோடு ஜார்ஜியா மாநிலத்து மலைப்பகுதியில் இருக்கும் டலானிகா ஊருக்குப் போயிருந்தோம். பழைய கோர்ட் கட்டடத்தில் இருக்கும் தங்க அருங்காட்சியகத்தைப் பார்த்ததிலிருந்து, அந்த மலைத் தங்கத்தை அந்த ஊரிலேயே உருக்கி 1838 முதல் 1861 வரை அடித்த காசில் ஒன்றாவது கையில் இருக்க வேண்டும் என்று ஆசை. இப்போது ஒரு கடையில் 1847-டி (‘டி’ என்பது டலானிகா நாணயச்சாலையின் எழுத்து) ஐந்து டாலர் காசு வந்திருக்கிறது. கிரேடிங் ஆகாதது, அதாவது அசல்தானா, எந்த நிலையில் இருக்கிறது என்று தரச்சான்று நிறுவனம் எதுவும் பார்த்துச் சொல்லாதது. பளபளவென்று புதுசு மாதிரி மின்னுகிறது, எடை 8.3 கிராம், தங்கம் அசல் என்று மெஷினில் வைத்தும் காட்டினார்கள், விலையும் மற்ற இடங்களைவிட நன்றாகவே குறைவு. வாங்கலாமா?

பழங்காசு:
நண்பரே, அவசரப்படாதீர்கள். தங்கம் அசலாக இருப்பது வேறு, காசு அசலாக இருப்பது வேறு. 1847-ல் ஃபிலடெல்ஃபியாவில் இதே காசை 9 லட்சத்துக்கு மேல் அடித்தார்கள், அதில் மிண்ட் (நாணயச்சாலை) எழுத்து கிடையாது. டலானிகாவில் அடித்தது சுமார் 64 ஆயிரம்தான். அங்கே பயன்படுத்திய அச்சுகளும் ஃபிலடெல்ஃபியாவில் செய்து அனுப்பியவை, ஆகவே பின்பக்கம் கழுகுக்குக் கீழே இருக்கும் அந்தக் குட்டி ‘டி’தான் முக்கிய வித்தியாசம். சாதாரண காசில் அந்த எழுத்தை ஒட்டி விற்கிறவர்கள் உண்டு. அப்படிச் செய்தாலும் எடை சரியாக இருக்கும், மெஷினும் அசல் என்றே சொல்லும்.

10 மடங்கு லென்ஸ் கொண்டு போய் அந்த எழுத்தை மட்டும் நிதானமாகப் பாருங்கள். அச்சில் அடித்த எழுத்து தளத்திலிருந்து அப்படியே எழும்பி நிற்கும். ஒட்டியது என்றால் அடியைச் சுற்றி மெல்லிய கோடு தெரியலாம், சுற்றிலும் தேய்த்த தடம் இருக்கலாம், நிறம் லேசாக மாறியிருக்கலாம். டலானிகாவில் ஒரு வருடத்துக்குப் பயன்பட்ட பின்பக்க அச்சுகள் மிகக் குறைவு, அதனால் எழுத்து எங்கே விழும் என்பது தெரிந்த விஷயம். காசுகளுக்குத் தரச்சான்று தரும் பிசிஜிஎஸ் நிறுவனத்தின் காயின்ஃபேக்ட்ஸ் தளத்தில் படங்கள் இலவசமாகவே இருக்கின்றன, பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

அப்புறம் அந்தப் பளபளப்பு. அதுதான் எனக்கு ரொம்ப உறுத்துகிறது. நகைக்குப் பாலிஷ் போடுகிற மாதிரி யாரோ காசைத் தேய்த்திருக்கிறார்கள் போல. தேய்த்த காசுக்கு பிசிஜிஎஸ், அதே போன்ற என்ஜிசி இரண்டுமே தரத்தைக் குறிக்கும் 1 முதல் 70 வரையான எண் தர மாட்டார்கள், ‘டீடெய்ல்ஸ்’ என்று மட்டும் போட்டு அனுப்புவார்கள், விலை அங்கேயே இறங்கிவிடும். புழங்கிய டலானிகா காசு மங்கலாகத்தான் இருக்கும், கழுகின் கழுத்து இறகுகூடச் சரியாக விழாமல் இருப்பது சகஜம். அந்த மங்கல்தான் அதற்கு அழகு.

மேற்குக்கரை:
என் கருத்து கொஞ்சம் வேறு. முதல் காசே டலானிகா எதற்கு? 1880, 1890-களில் சான்ஃபிரான்சிஸ்கோவில் அடித்த ஐந்து டாலரோ பத்து டாலரோ கிரேடிங் ஆனதாக ஒன்று வாங்குங்கள், பெரும்பாலும் தங்கத்தின் விலையை ஒட்டியே கிடைக்கும். இருபது டாலர் காசு என்றால் 33.4 கிராம், கையில் வைத்தாலே அதன் கனம் தெரியும், ஆனால் முதலும் பெரிது. இந்தக் காசுகளெல்லாம் 90 சதவீதம் தங்கம், நம் 22 கேரட்டுக்குச் சற்றுக் கீழே. 1933-ல் ரூஸ்வெல்ட் தங்கத்தை ஒப்படைக்கச் சொன்னபோது ஐரோப்பிய வங்கிகளில் கிடந்ததெல்லாம் தப்பித்தது, அதனால்தான் இன்றும் ஏராளமாகக் கிடைக்கிறது. நாலு நல்ல காசைக் கையில் பிடித்துப் பார்த்துக் கண் பழகிய பிறகு டலானிகா பக்கம் போங்கள்.

பழங்காசு:
மேற்குக்கரை சார் சொல்வது முதலீட்டுக்குச் சரி. ஆனால் இவர் அந்த ஊரைப் பார்த்துவிட்டு ஆசைப்பட்டுக் கேட்கிறார். கிரேடிங் ஆன, நன்றாகவே தேய்ந்த, ஆனால் யாரும் கழுவாத டலானிகா ஐந்து டாலர் ஒன்றுக்காகக் காத்திருப்பதில் தப்பே இல்லை.

அட்லாண்டாவாசி:
இருவருக்கும் நன்றி. லென்ஸோடு போனேன். ‘டி’யைச் சுற்றி மட்டும் தளம் வழவழவென்று இருந்தது, மற்ற இடமெல்லாம் பொடிக் கீறல்கள். கிரேடிங்குக்கு அனுப்பி, அசல் என்று வந்தால் கேட்ட விலையையே தருகிறேன் என்றேன், கடைக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. விட்டுவிட்டேன். இன்னொரு சந்தேகம்: 1861-ல் அமெரிக்க உள்நாட்டுப் போரில் பிரிந்து போன தென் மாநிலங்களின் கான்ஃபெடரேட்காரர்களும் அங்கே காசு அடித்தார்கள் என்கிறார்களே, அதை எப்படிக் கண்டுபிடிப்பது?

பழங்காசு:
நல்ல வேளை, விட்டீர்கள். 1861-டி ஒரு டாலர் காசு முழுக்க அவர்கள் கைக்கு மிண்ட் போன பிறகு அடித்ததுதான், எத்தனை என்று கணக்கே எழுதி வைக்கவில்லை. ‘யுனைட்டட்’ என்ற சொல்லின் முதல் எழுத்து மங்கியோ, பாதி காணாமலோ இருக்கும். அது பளிச்சென்று முழுசாக இருந்தால் சந்தேகப்படுங்கள். ஆனால் அதன் விலை நம்மைப் போன்றவர்களுக்கு எட்டாது. நீங்கள் 1840, 50-களின் ஐந்து டாலரையே தேடுங்கள். இன்னொன்று, கழுகுக்கு மேலே ‘இன் காட் வி டிரஸ்ட்’ என்ற கடவுள் வாசகம் பொறித்த நாடா இருந்து கீழே ‘டி’ இருந்தால் அது டலானிகா இல்லை. அந்த நாடா 1866-ல்தான் வந்தது. அது 1906-ல் தொடங்கிய டென்வர் மிண்ட்டின் எழுத்து.