கிளாசிக் 500-க்கு கம்ப்ரஷன் 10.5 வைக்கலாமா?

கோவை500:
வணக்கம். என் 2014 ராயல் என்ஃபீல்ட் கிளாசிக் 500 பைக் அறுபதாயிரம் கிலோமீட்டர் தாண்டிவிட்டது, ஆயில் குடிக்க ஆரம்பித்துவிட்டது, எப்படியும் இன்ஜினைப் பிரித்து போர் பண்ண (சிலிண்டர் துளையைக் கடைய) வேண்டும். பிரிப்பதுதான் பிரிக்கிறோம், கம்பெனி கொடுத்த 8.5 கம்ப்ரஷனை (பிஸ்டன் பெட்ரோல்-காற்றுக் கலவையை எத்தனை மடங்கு அமுக்குகிறது என்ற விகிதம்) அப்படியே விடாமல் 10.5-க்குக் கொண்டுபோகலாம் என்று ஆசை. கேம் (வால்வைத் திறக்கும் தண்டு), ஈசியு (பெட்ரோலையும் பொறியையும் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) எல்லாம் ஸ்டாக், கம்பெனி போட்டதே. தினமும் டிராஃபிக்கில் ஆபீஸ், மாதம் ஒருமுறை மனைவியோடு ஊட்டி, அவ்வளவுதான் என் ஓட்டம். வேண்டியது கீழ் ஆர்பிஎம்மில் இழுவை. மெக்கானிக் அண்ணன் "சிலிண்டரை லேத்தில் கொஞ்சம் வெட்டினால் போதும், பிஸ்டன் செலவு மிச்சம்" என்கிறார். டியூக் 390-இல் 12-க்கு மேல் இருக்கிறதே, இதில் 10.5 தாங்காதா?

பட்டறைவாசி:
தம்பி, டியூக்கோடு ஒப்பிடாதீங்க. அது தண்ணீரில் குளிரும் இன்ஜின், நாலு வால்வு. உங்களுடையது காற்றில் குளிர்வது, ரெண்டே வால்வு, 84 மில்லிமீட்டர் போர் (சிலிண்டர் துளையின் விட்டம்). போர் பெரிதாக இருந்தால் தீ ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் போய்ச்சேர நேரம் எடுக்கும், அதற்குள் மூலையில் இருக்கும் கலவை சூட்டிலும் அழுத்தத்திலும் தானாகவே வெடித்துவிடும். அதுதான் நாக்கிங். ஒப்பிடுவதானால் இன்டர்செப்டர் 650-ஐப் பாருங்கள்: ஆயில் கூலர், சிலிண்டருக்கு நாலு வால்வு, போர் 78 மட்டுமே. அதற்கே கம்பெனி 9.5-ஓடு நிறுத்திக்கொண்டது. உங்கள் ஓட்டத்துக்கு நான் 9.5-க்கு மேல் போக மாட்டேன்.

கிடைக்கும் லாபத்தையும் பாருங்கள். ஏட்டுக் கணக்கில் 8.5-லிருந்து 9.5 போனால் இன்ஜின் திறன் சுமார் 3 சதவீதம் கூடும், அங்கிருந்து 10.5 போனால் இன்னும் மூன்றுக்கும் குறைவு. 27 குதிரைத்திறன் வண்டியில் அந்த இரண்டாவது படி ஒரு குதிரைகூட இல்லை. அதற்காக நாக்கிங்கை வாங்கிக்கொண்டு, பிறகு அதை அடக்க டைமிங்கை (பிளக் பொறி விடும் நேரத்தை) பின்னுக்குத் தள்ளினால் வந்த இழுவையும் போய்விடும்.

லேத் யோசனை வேண்டவே வேண்டாம். 84 போர், 90 ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்), 499 சிசி. 8.5-இல் பிஸ்டனுக்கு மேலே மிஞ்சும் இடம் 66.5 சிசி, 9.5-க்கு அது 58.7 ஆக வேண்டும். கிட்டத்தட்ட 8 சிசி குறைக்க சிலிண்டரில் 1.4 மில்லிமீட்டர் வெட்ட வேண்டும், 10.5 என்றால் 2.5 மில்லிமீட்டர். அவ்வளவு வெட்டினால் ஹெட் (சிலிண்டரின் மேல்மூடி) கீழே இறங்கும், கேமிலிருந்து வால்வைத் தள்ளும் புஷ்ராட் அதே நீளம், இடைவெளியை ஆயில் அழுத்தத்தால் சரிசெய்யும் ஹைட்ராலிக் டாப்பெட் அந்த அளவை உள்வாங்கிக்கொள்ளும் என்று நம்பி உட்கார முடியாது. வால்வும் பிஸ்டனுக்கு நெருங்கிவிடும். பிஸ்டனை மாற்றித்தான் ஏற்ற வேண்டும்.

மலைப்பாதை:
நான் பட்டதைச் சொல்கிறேன். இதே வண்டி, 10.5, ஸ்டாக் கேம். வேலை முடித்த கையோடு ஊட்டியிலேயே ரெண்டு நாள் ஓட்டிப் பார்த்தேன், அப்படி ஒரு இழுவை, துளி சத்தம் இல்லை. 2,200 மீட்டர் உயரத்தில் காற்று லேசு, குளிர் வேறு, சிலிண்டருக்குள் அழுத்தமே குறைவுதானே, அது எனக்கு அப்போது உறைக்கவில்லை. மே மாதம் மேட்டுப்பாளையத்திலிருந்து கல்லாறு தாண்டி ஏறும்போது, பின்னால் ஆள், மூன்றாவது கியர், த்ராட்டிலைத் திருகினால் டப்பாவில் கூழாங்கல் போட்டுக் குலுக்கியது போல சத்தம். கொஞ்ச தூரம்தானே என்று ஏறிவிட்டேன். வீட்டுக்கு வந்து பிளக்கைக் கழற்றினால் வெள்ளைப் பீங்கானில் மிளகுப்பொடி தூவியது போலக் கறுப்பும் வெள்ளியுமாகப் புள்ளிகள். அந்த வெள்ளி, பிஸ்டனிலிருந்து பறந்த அலுமினியம். ஹெட்டைத் தூக்கியபோது பிஸ்டன் விளிம்பு கரையான் அரித்தது போல இருந்தது, ரிங் இருக்கும் வரம்பில் ஒரு விரிசல். இன்றைக்கு 9.5-இல் நிம்மதியாக ஓட்டுகிறேன்.

கோவை500:
படிக்கவே பயமாக இருக்கிறது. இப்போது வரும் இ20 பெட்ரோல் (20 சதவீதம் எத்தனால் கலந்தது) 95 ஆக்டேன் (நாக்கிங்கைத் தாங்கும் அளவு) என்கிறார்களே, முன்பு இருந்த 91-ஐ விட நல்லதுதானே? இல்லையென்றால் 100 ஆக்டேன் மட்டுமே போட்டால்?

பட்டறைவாசி:
ஆக்டேன் கூடியது உதவும், மறுக்கவில்லை. ஆனால் எத்தனால் சேர்ந்தால் அதே காற்றுக்குப் பெட்ரோல் கூடுதலாக வேண்டும், ஸ்டாக் ஈசியு அதைச் சரிக்கட்டாமல் விட்டால் கலவையில் பெட்ரோல் பங்கு குறைந்து சூடு ஏறும். பழைய ரப்பர் ஹோஸ்களையும் இப்போதே பார்த்துவிடுங்கள். 100 ஆக்டேன் எல்லா ஊரிலும் கிடைக்காது. நீங்கள் போகும் வழியில் இருப்பதிலேயே சுமாரான பங்க் எதுவோ, அதை வைத்து, மே மாத மத்தியானத்தை வைத்து கம்ப்ரஷனை முடிவு பண்ணுங்கள். இந்த வண்டியில் நாக் சென்சார் கிடையாது, தவறு நடந்தால் தானாகத் திருத்திக்கொள்ள ஈசியுவுக்கு வழியில்லை.

அப்புறம், பிஸ்டன் டப்பாவில் 9.5 என்று போட்டிருப்பதை நம்பாமல் நீங்களே அளந்து பாருங்கள். ஹெட்டைக் கவிழ்த்து, வால்வும் பிளக்கும் போட்டு, கிரீஸ் தடவிய அக்ரிலிக் தட்டால் மூடி, தட்டில் போட்ட ஓட்டை வழியாக சிரிஞ்சில் மண்ணெண்ணெய் விடுங்கள். எத்தனை சிசி பிடிக்கிறது என்று எழுதிக்கொண்டு, கேஸ்கெட் கனத்தில் வரும் இடத்தையும், பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது சிலிண்டர் விளிம்புவரை மிஞ்சும் இடத்தையும் கூட்டி, பிஸ்டன் மேடு அடைக்கும் அளவைக் கழித்துப் போட்டால் உண்மையான எண் வந்துவிடும். மூடுவதற்கு முன்னால் பிஸ்டன் தலையில் களிமண் வைத்து ரெண்டு சுற்று கையால் சுற்றி வால்வு இடைவெளியையும் பாருங்கள்.

கோவை500:
சரி அண்ணா, 9.5 தான். லேத்துக்குக் கொடுக்க வேண்டாம் என்று மெக்கானிக்கிடம் சொல்லிவிட்டேன். சனிக்கிழமை ஹெட்டைக் கழற்றுகிறோம், சிரிஞ்சில் வந்த அளவை இங்கே போடுகிறேன், கணக்கைச் சரிபார்த்துச் சொல்லுங்கள்.