கால் குடைச்சலுக்கு மருந்து: ஃபெரிட்டின் 30 போதுமா, 75 வேண்டுமா?

பட்டர்வொர்த்_முகிலன்
நேற்று ஒருவர் இங்கே எழுதிவிட்டுப் போயிருக்கிறார்: "ராத்திரி கால் குடைச்சல், அதாவது காலை அசைக்காமல் இருக்க முடியாத ரெஸ்ட்லெஸ் லெக்ஸ் நோய் இருந்தால் முதலில் ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புக் கையிருப்பைக் காட்டும் ரத்தச் சோதனை) பாருங்கள், 75-க்கு மேல் இருக்க வேண்டும்." எந்த லேப் தாளில் ஐயா 75 என்று போட்டிருக்கிறது? பெண்களுக்கு 15-க்குப் பக்கத்திலேயே நார்மல் தொடங்கிவிடுகிறது. 30 இருக்கிறவர்களைப் பயமுறுத்தி இரும்பு மாத்திரை விழுங்க வைப்பது எதற்கு? பிரமிபெக்சோல் என்ற டோபமின் வகை மாத்திரை 0.125 மில்லிகிராம், படுக்க இரண்டு மூன்று மணி நேரம் முன்னால். அன்றைக்கே கால் அடங்கும். வேலை முடிந்தது.

செந்தூல்_கலைவாணி
அந்த "ஒருவர்" நான்தான். பெயரைப் போட்டே கேளுங்கள். லேப் தாளில் 75 இருக்காது, ஏனென்றால் அந்த வரம்பு ரத்த சோகையைப் பார்க்க வைத்தது. இந்த நோயில் குறைவது மூளையில் உள்ள இரும்பு. ஹீமோகுளோபின் 13 இருக்கும், ஆளைப் பார்த்தால் ஒரு சோர்வும் தெரியாது, கால் மட்டும் ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பிக்கும். 2018-ல் சர்வதேச நிபுணர் குழு வைத்த அளவு: ஃபெரிட்டின் 75 அல்லது அதற்குக் கீழே என்றால் இரும்பு மாத்திரை, 75-க்கும் 100-க்கும் நடுவில் என்றால் நரம்பு வழி இரும்பு ஊசி. 2025 ஜனவரியில் வந்த அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகத்தின் வழிகாட்டியிலும் அதே 75. டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன், அதாவது ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதம் நிரம்பியிருக்கும் அளவு, 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தாலும் இரும்பு கொடுக்கச் சொல்கிறது. பிரமிபெக்சோலை வழக்கமான மருந்தாக எழுத வேண்டாம் என்பதும் அதிலேயே இருக்கிறது. அந்தப் பக்கம் மட்டும் உங்கள் கண்ணில் படவில்லை போல.

பட்டர்வொர்த்_முகிலன்
2006-ல் இதே நோய்க்குப் பிரமிபெக்சோலை அனுமதித்ததும் அதே அமெரிக்காதான். கேட்ட கேள்விக்குப் பதில் வரவில்லை. எந்த லேபில் 75?

செந்தூல்_கலைவாணி
அனுமதித்த பிறகு வருஷக்கணக்கில் சாப்பிட்டவர்களுக்கு என்ன ஆனது என்று பார்த்துத்தான் மாற்றிச் சொல்கிறார்கள். இதைப் புரிந்துகொள்ளாமல் யாரும் டோபமின் மாத்திரை தொடங்கக் கூடாது. முதலில் ராத்திரி பத்துக்கு வந்த குடைச்சல் ஏழுக்கு வரும், பிறகு மாலை நாலுக்கு வரும், உட்கார்ந்த கொஞ்ச நேரத்திலேயே வரும், கைக்கும் ஏறும். டாக்டர் "நோய் முற்றிவிட்டது" என்று 0.25, 0.5 என ஏற்றுவார். கொஞ்ச நாள் அடங்கும், பிறகு முன்னைவிட மோசமாகும். அங்கே நோயை வளர்ப்பதே மருந்துதான். ஆக்மென்டேஷன் என்பது இது. வருஷத்துக்கு நூற்றில் ஏழெட்டுப் பேருக்கு வருகிறது. இன்னொன்று, அடக்க முடியாத சூதாட்ட ஆசை. கெந்திங் மலைச் சூதாட்ட விடுதி ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கிற ஊரில் இதை நோயாளியிடமும் வீட்டாரிடமும் சொல்லாமல் மாத்திரை எழுதுவது தப்பு. அதோடு, திடீரென்று நிறுத்தவும் முடியாது. கால் இரண்டு மடங்கு பழிவாங்கும். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும்.

ஆயர்_ஈத்தாம்_சிவா
அக்கா, அப்ப எதைத்தான் சாப்பிடச் சொல்றீங்க? கபாபென்டின், பிரகபாலின்னு நரம்பு மாத்திரையோட வருவீங்க, தெரியும் லா. வயசானவங்களுக்குத் தலை சுத்தும், ராத்திரி டாய்லெட்டுக்கு எழுந்தா விழுந்துடுவாங்க. கால் வீங்கும், எடை ஏறும். கிட்னி கெட்டவங்களுக்கு உடம்புலயே தங்கிடும். நம்ம ஜனத்துக்கு இனிப்பு நீரும் கிட்னியும் எப்படி இருக்குன்னு உங்களுக்குத் தெரியாதா?

செந்தூல்_கலைவாணி
தம்பி, அதனால்தான் அளவு முக்கியம். கபாபென்டின் 300 மில்லிகிராமில் தொடங்கணும், 65 வயது தாண்டினால் 100. படுக்க ஒன்று இரண்டு மணி நேரம் முன்னால். பிரகபாலின் 75, வயதானவர்களுக்கு 50. சில நாளுக்கு ஒரு தடவைதான் ஏற்றணும். கபாபென்டினை ஒரே வேளையில் 600-க்கு மேல் கொட்டினால் குடல் அவ்வளவையும் உறிஞ்சாது, பிரித்துத்தான் கொடுக்கணும். அலுமினியம், மக்னீசியம் கலந்த வயிற்றெரிச்சல் மருந்துக்கும் அதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். கிட்னி எவ்வளவு வேலை செய்கிறது என்று பார்க்காமல் இரண்டையும் எழுதக் கூடாது, அது சரி. ஆனால் முகிலன் தூக்கிப் பிடிக்கிற பிரமிபெக்சோலும் கிட்னி வழியாகத்தான் வெளியேறுகிறது. அவரிடம் ஏன் கேட்கவில்லை?

பட்டர்வொர்த்_முகிலன்
திசை திருப்ப வேண்டாம். பேச்சு 75 பற்றி.

ஜார்ஜ்டவுன்_தாமரை
75-ஐ விடுங்கள். இரும்பு மாத்திரையைத் தே தாரிக்கோடு, அதாவது பால் தேநீரோடு விழுங்கினால் 75 என்ன, 40-கூட வராது. தேயிலையும் பாலும் இரும்பை உறிஞ்ச விடாது. வெறும் வயிற்றில், வைட்டமின் சி-யோடு. ஃபெரஸ் ஃபூமரேட் 200 மில்லிகிராம் ஒன்றில் உண்மையான இரும்பு 65 மில்லிகிராம்தான். தினம் மூன்று போட வேண்டியதில்லை. ஒன்று போட்டதும் இரும்பைக் கட்டுப்படுத்தும் ஹார்மோனான ஹெப்சிடின் ஏறி அடுத்த ஒரு நாள் குடல் கதவைச் சாத்திவிடும். ஒன்றுவிட்டு ஒரு நாள் போதும்.

ஆயர்_ஈத்தாம்_சிவா
வெறும் வயித்துல போட்டா குமட்டும், மலச்சிக்கல் வரும். ஒரு வாரத்துல நிறுத்திடுவாங்க. சாப்பாட்டோட போட்டாத்தான் தொடர்ந்து போடுவாங்க.

ஜார்ஜ்டவுன்_தாமரை
சாப்பாட்டோடு என்றால் ரொட்டி சானாய், பருப்புக் கறி, தே. மூன்றும் இரும்புக்கு எதிரி. குமட்டினால் படுக்கப் போகும்போது போடட்டும்.

பட்டர்வொர்த்_முகிலன்
மூன்று மாதம் இரும்பு விழுங்கிவிட்டுக் காத்திருக்க வேண்டும், அதுவரை ராத்திரி முழுக்க வீட்டுக்குள் நடக்க வேண்டும். இதுதான் உங்கள் வைத்தியம். தலசீமியா மைனர் என்ற பரம்பரை ரத்தக் குறை இருக்கிறவர்களுக்கு ஹீமோகுளோபினைப் பார்த்து இரும்பு ஏற்றிய கதை இந்த நாட்டில் குறைவா?

செந்தூல்_கலைவாணி
அதனால்தானே ஹீமோகுளோபினைப் பார்க்காதீர்கள், ஃபெரிட்டினைப் பாருங்கள் என்று தொண்டை வற்றக் கத்துகிறேன்! தலசீமியா மைனரில் ரத்தம் குறைவாக இருந்தாலும் ஃபெரிட்டின் நிறைவாக இருக்கலாம், அவர்களுக்கு இரும்பு வேண்டாம். ஃபெரிட்டினையும் சும்மா எடுத்துவிடக் கூடாது. காலையில், வெறும் வயிற்றில், முந்தின நாள் இரும்பு மாத்திரை போடாமல். டெங்கியோ வேறு காய்ச்சலோ வந்து போன கையோடு எடுத்தால் எண் பொய்யாக ஏறி நிற்கும். கூடவே சாச்சுரேஷன் எடுக்க மறந்தால் அந்தப் பொய்யைப் பிடிக்க முடியாது. சீரம் அயர்ன் மட்டும் எடுத்துக்கொண்டு வந்து "நார்மல்" என்று காட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அதை மட்டும் வைத்து இரும்புக் கையிருப்பைச் சொல்ல முடியாது.

இன்னொன்றை யாரும் கேட்பதில்லை. சளிக்குக் கிளினிக்கில் கவரில் போட்டுக் கொடுக்கிற அந்தச் சின்ன மஞ்சள் மாத்திரை, குளோர்ஃபெனிரமின், ராத்திரி தூக்கம் வருமென்று போடுகிறார்கள். கால் குடைச்சலைக் கிளப்பும் மருந்துகளில் அதுவும் ஒன்று. வாந்திக்குக் கொடுக்கிற மெட்டோகுளோப்ரமைடும் அப்படித்தான், அதற்குப் பதில் டோம்பெரிடோன் கேட்கலாம். மனச்சோர்வு மருந்துகளான அமிட்ரிப்டிலினையும் மிர்டசபினையும் "தூக்கத்துக்கு" என்று எழுதி வாங்கிக்கொண்டு, காலுக்கு வேறு மாத்திரை தேடுகிறார்கள். அவற்றை டாக்டரிடம் பேசி மாற்றாமல் எதைப் போட்டும் பயனில்லை.

பட்டர்வொர்த்_முகிலன்
மக்னீசியம் எண்ணெய் விவாதத்திலும் இப்படித்தான் நீளமாக எழுதிப் பேச்சை மூடினீர்கள். நான் மறக்கவில்லை.

செந்தூல்_கலைவாணி
மக்னீசியம் எண்ணெய் தடவினால் போதும் என்று எழுதியவர் நீங்கள். அது கெண்டைக்கால் பிடிப்புக்கே சரியாக நிரூபணமாகவில்லை, இதற்கு எங்கே? பிடிப்பு வேறு, குடைச்சல் வேறு. எழுந்து நடந்தால் அடங்குவதுதான் குடைச்சல்.

ஆயர்_ஈத்தாம்_சிவா
கோலாலம்பூர் பஸ்ல அஞ்சு மணி நேரம் உட்காரணுமே, அன்னிக்கு மட்டும் லெவோடோபா, அதுவும் டோபமின் வகை மாத்திரைதான், பாதி போட்டா என்னக்கா? தினமும் இல்லையே.

செந்தூல்_கலைவாணி
எப்போதோ ஒரு நாள் என்றால் டாக்டரைக் கேட்டுப் போடலாம். வாராவாரம் போனால் வேண்டாம். ஆக்மென்டேஷன் மிக வேகமாக வருவது அதில்தான்.

பட்டர்வொர்த்_முகிலன்
75 எந்த லேபில் என்று இன்னும் வரவில்லை.

செந்தூல்_கலைவாணி
மூன்றாவது தடவை எழுதுகிறேன்: லேபில் இல்லை, வழிகாட்டியில் இருக்கிறது. 75. உங்கள் 30-ஐ எந்த வழிகாட்டி ரெஸ்ட்லெஸ் லெக்ஸுக்குப் போதும் என்கிறது? அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துப் போடுங்கள்.

ஜார்ஜ்டவுன்_தாமரை
படம் இருக்கட்டும். சிவா, ரொட்டி சானாய்க்கு அப்புறம் எவ்வளவு நேரம் கழித்து மாத்திரை என்று நீங்கள் இன்னும் சொல்லவில்லை.