லோகன் டீசல்: வாட்டர் பம்புக்கு 20,800 ரூபாயா?

தாம்பரம்_லோகன்:
வண்டி 2009 மாடல் லோகன் 1.5 டீசல், ஓடியது 1,38,000 கி.மீ. இரண்டு வாரமாகக் கூலண்ட், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம், குறைகிறது. காலையில் எடுக்கும்போது டிரைவர் பக்கத் தரையில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம். அதை எஞ்சினுக்குள் ஓடவைக்கும் வாட்டர் பம்பின் சீல் போய்விட்டதாம். சர்வீஸ் சென்டர் எஸ்டிமேட்: பம்ப் 4,600, டைமிங் பெல்ட் கிட் 6,900, பம்ப் மாற்ற லேபர் 3,800, பெல்ட் மாற்ற லேபர் 4,200, கூலண்ட் 1,300. மொத்தம் 20,800. வண்டியை விற்றாலே ஒன்றரை லட்சம் தேறாது. பெல்ட்டை 2019-ல், 92,000 கி.மீ.யில் மாற்றினேன். பம்ப் நன்றாகத்தானே இருக்கிறது என்று அப்போது விட்டுவிட்டோம். இப்போது பம்பை மட்டும் மாற்றினால் போதாதா?

பழையதே_போதும்:
தாராளமாகப் போதும் சார். பெல்ட் 46,000 கி.மீ.தான் ஓடியிருக்கிறது. கெட்டது பம்ப், அதை மாற்றுங்கள். பழைய வண்டி என்றாலே கூடவே இதையும் போடு, அதையும் போடு என்று பில்லை ஏற்றுவது வழக்கமாகிவிட்டது. புதுப்பேட்டை பழைய உதிரிபாகக் கடைகளில், வேறு வண்டியில் கழற்றிய பம்ப் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும்.

பட்டறைக்காரன்:
கழற்றிய பம்ப் மட்டும் வேண்டாம் அண்ணா. பம்பில் தேய்வது உள்ளே இருக்கும் சீலும் பேரிங்கும்தான். வெளியே துடைத்துப் பளபளவென்று கொடுப்பார்கள், சீலின் ஆயுள் கண்ணுக்குத் தெரியாது. கதவு, பம்பர் என்றால் புதுப்பேட்டைக்கு நானே கூட்டிப்போவேன்.

இந்த எஞ்சினில் பம்பைச் சுற்றுவதே, பிஸ்டனும் வால்வும் ஒத்து இயங்க வைக்கும் டைமிங் பெல்ட்தான். பம்பைத் தொட வேண்டுமென்றால் எஞ்சினுக்கு அடியில் ஜாக்கி கொடுத்து, எஞ்சினைத் தாங்கும் வலப்பக்க மவுன்ட்டைக் கழற்றி, கேம், கிராங்க் தண்டுகள் சுழலாதபடி பூட்டுப் பின் செருகி, பெல்ட்டை எடுத்தாக வேண்டும். அவ்வளவும் செய்த பிறகு ஏழு வருடப் பெல்ட்டையே திரும்ப மாட்டுவதா? பெல்ட்டுக்குக் கி.மீ. மட்டும் கணக்கில்லை, வருடமும் கணக்கு. டீசல் எஞ்சின் இது, ஓட்டத்தில் பெல்ட் அறுந்தால் வால்வு பிஸ்டனில் இடிக்கும்.

அம்பாசிடர்_பிரியன்:
எங்கள் அம்பாசிடரில் ரேடியேட்டரையும் ஃபேனையும் எடுத்தால் பம்ப் எதிரே நிற்கும். அரை நாள் வேலை.

பட்டறைக்காரன்:
உண்மைதான் சார், அதில் பம்ப் ஃபேன் பெல்ட்டில் சுற்றுகிறது. அந்தக் கணக்கு லோகனுக்கு ஒத்துவராது.

பழையதே_போதும்:
பயமுறுத்தாதீர்கள் தம்பி. கழற்றிய பெல்ட்டைக் குறி வைத்து அப்படியே மாட்டுகிற மெக்கானிக்குகள் ஊரெல்லாம் இருக்கிறார்கள். என் மைத்துனர் வண்டியில் அப்படித்தான் செய்தோம், இரண்டு வருடமாக ஓடுகிறது. ஒன்றரை லட்ச ரூபாய் வண்டிக்கு இருபதாயிரம் செலவழிக்கச் சொல்வது நியாயமே இல்லை.

நெல்லை_பயணி:
நானும் ஒன்று சொல்கிறேன். எங்கள் வண்டியில் பம்ப் கசிந்தபோது தண்ணீர் ஊற்றி ஊற்றி ஒரு மாதம் ஓட்டினோம், அதுவும் போர் தண்ணீர். விக்கிரவாண்டி தாண்டியதும் சூடு முள் மேலே ஏறியது. டோல் வரை போய்விடலாம் என்று ஓட்டியதுதான் தவறு. எஞ்சினின் மேல்பகுதியான ஹெட் அலுமினியம், வளைந்துவிட்டது. ஹெட்டை இறக்கி, மட்டம் சீவி, கேஸ்கட் மாற்றி 31,000 ஆனது. கசிவு தெரிந்த அன்றே பட்டறையில் விட்டிருந்தால் பம்போடு முடிந்திருக்கும். பெல்ட் சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள், முதலில் வண்டியை நிறுத்துங்கள்.

தாம்பரம்_லோகன்:
வண்டியை நிறுத்திவிட்டேன் அக்கா. இன்று ஜி.பி. ரோடு உதிரிபாகக் கடைகளில் விசாரித்தேன். நல்ல கம்பெனி பம்ப் 2,900, பெல்ட்டும் அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும் சேர்ந்த கிட் 5,400. வீட்டுப் பக்கத்துப் பட்டறையில் இரண்டுக்கும் சேர்த்து லேபர் 4,000, கூலண்ட் 900. எல்லாம் சேர்த்து 13,200. பம்ப் மட்டும் என்றால் 7,800.

பட்டறைக்காரன்:
அண்ணா, அந்த எஸ்டிமேட்டைத் திரும்பப் பாருங்கள். பம்புக்கு ஒரு லேபர், பெல்ட்டுக்குத் தனியாக ஒரு லேபர். பெல்ட்டை எடுக்காமல் பம்பை எடுக்கவே முடியாது, ஒரே வேலைக்கு இரண்டு கூலி கேட்டிருக்கிறார்கள். கேள்வி கேட்க வேண்டிய இடம் அதுதான், பெல்ட் கிட் அல்ல. 2019-லும் இதே கதைதான். அன்று பம்பையும் சேர்த்துப் போட்டிருந்தால் அதன் விலையோடு போயிருக்கும், கூலி ஏறியிருக்காது. இப்போது பெல்ட்டை விட்டால் மிச்சம் 5,400. அடுத்த வருடம் பெல்ட் மாற்றும்போது அதே 4,000 கூலியைத் திரும்பக் கொடுப்பீர்கள்.

பழையதே_போதும்:
இரட்டை லேபர் விஷயத்தில் உங்களோடு நிற்கிறேன் தம்பி, அது அநியாயம். ஆனாலும் ஈரமோ விரிசலோ இல்லாமல் இருக்கும் பெல்ட்டைத் தூக்கிப் போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. கூலண்ட் பட்டு நனைந்திருந்தால் மட்டும் மாற்றுங்கள், அது ரப்பரைக் கெடுக்கும். முதலில் பெல்ட்டின் மேல் கவரைத் திறந்து பாருங்கள் சார்.

தாம்பரம்_லோகன்:
மெக்கானிக்கை வரச்சொல்லி மேல் கவரைத் திறந்து பார்த்தோம். பெல்ட்டின் உள்ளோரம் நெடுக ஈரம். விரலை வைத்தால் பிசுபிசுக்கிறது, கூலண்ட் வாடை அடிக்கிறது. பம்பும் கிட்டும் வாங்கிவிட்டேன். திங்கட்கிழமை வேலை. கழற்றியதை எல்லாம் என் கையில் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.