இந்திய கால்பந்து அணிக்கு ஒன்பதாம் நம்பர் எங்கே? கண்ணில் படாத ஆட்கள் யாராவது தெரியுமா?

பெரம்பூர் பாலா எழுதியது:

செவ்வாய் ராத்திரி (2025 நவம்பர் 18) வங்காளதேசத்தோடு நடந்த டாக்கா மேட்சைக் கடைசி விசில் வரைக்கும் உட்கார்ந்து பார்த்தேன். 11-வது நிமிடத்தில் அவர்களின் மோர்சலின் ஒரு கோல் போட்டார். அதற்கப்புறம் ஒரு மேட்ச் முழுக்க நேரம் இருந்தது, நம் ஆட்களால் ஒன்றைத் திருப்பிப் போட முடியவில்லை. வங்காளதேசத்திடம் தோற்று 22 வருஷம் ஆகியிருந்ததாம், அந்தக் கணக்கும் முடிந்தது. ஃபிஃபா ரேங்க் 142. இரண்டே வருஷத்துக்கு முன்னால், 2023 ஜூலையில், நாம் 99-ல் இருந்தோம்.

தடுப்பு, நடுக்களம் எல்லாம் எப்படியோ சமாளித்துவிடுகிறோம். கோல் போட ஆள், அதாவது முன்வரிசை நடுவில் நிற்கும் ஒன்பதாம் நம்பர், இல்லை. கத்தாரில் நடந்த ஆசியக் கோப்பையில் மூன்று மேட்ச், ஆறு கோல் வாங்கினோம், போட்டது பூஜ்யம். 2024 முழுக்க ஒரு வெற்றிகூட இல்லை. இந்த ஆகஸ்டில் தஜிகிஸ்தானை 2-1 என்று ஜெயித்தோமே, அதில் கோல் போட்டது யார்? அன்வர் அலி, ஜிங்கன். இரண்டு பேருமே சென்டர் பேக், நடுத் தடுப்பாளர்கள். அக்டோபரில் சிங்கப்பூரில் ரஹீம் அலி போட்ட சமன் கோலும், அவர்கள் ஆள் தன் கீப்பருக்குச் சரியாகத் தள்ளாத பந்தில் வந்தது.

முன்னாள் கேப்டன் சேத்ரி 95 கோலோடு தேசிய அணியை விட்டுப் போய்விட்டார். போன ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) சீசனில் இந்தியர்களில் அதிக கோல் போட்டவரும் அவர்தான், 40 வயதில் 14 கோல். இதைப் பெருமை என்று சொல்வதா, வெட்கம் என்று சொல்வதா தெரியவில்லை.

ஆகவே கேள்வி: தேசிய அணியின் கண்ணில் படாமல், ஆனால் உண்மையாகவே கோல் போடத் தெரிந்த ஆள் யாராவது இருக்கிறார்களா? பெயர், ஆடும் இடம், ஏன் என்று சொல்லுங்கள். "கிரிக்கெட்தான் எல்லாத்தையும் தின்னுடுச்சு" என்று மட்டும் யாரும் தொடங்காதீர்கள், ப்ளீஸ்.

---

பாஸ்போர்ட் பாண்டி:

பாலா, பதில் உள்ளூரில் இல்லை, வெளியூரில் இருக்கிறது. வங்காளதேசம் லெஸ்டரில் இருந்து ஹம்சா சௌத்ரியைக் கூட்டி வந்தார்கள். மார்ச்சில் ஷில்லாங்கில் நம்மோடு ஆடியதுதான் அவருக்கு முதல் மேட்ச், 0-0. அங்கிருந்துதான் அந்த அணியின் நடையே மாறியது.

நம்மால் முடியாது. இரட்டைக் குடியுரிமை கிடையாது, இந்திய பாஸ்போர்ட் இருந்தால்தான் ஆடலாம் என்று 2008 முதல் விதி. வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டையை வைத்துக்கொண்டு விசா வரிசையைத் தவிர்க்கலாம், அவ்வளவுதான். ஜப்பானில் பிறந்த இசுமி அராட்டா 2012-ல் அந்த நாட்டுக் குடியுரிமையை விட்டுவிட்டு வந்து ஆடினார். இப்போது பெங்களூரு எஃப்சியின் ரயன் வில்லியம்ஸ் ஆஸ்திரேலிய பாஸ்போர்ட்டை விட்டுவிட்டு இந்தியராகியிருக்கிறார். அவர் அம்மா பம்பாயில் பிறந்தவர். முகாமுக்கு அழைத்தார்கள், ஆனால் வரவேண்டிய காகிதம் நேரத்துக்கு வராமல் டாக்காவில் ஆடவில்லை. நம் அணியின் பத்து வருஷக் கதையை இந்த ஒரு வரியில் எழுதிவிடலாம்.

---

தூத்தூர் கோச்:

பாண்டி தம்பி சொல்வது சரிதான், ஆனால் ரயன் வில்லியம்ஸும் விங்கில் ஓடி வளர்ந்த ஆள். பாலா கேட்டது ஒன்பதாம் நம்பர்.

நான் கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரைக்காரன். இருபது வருஷத்துக்கு மேலாகப் பையன்களை ஆடவைக்கிறேன். பெயர் கேட்டீர்கள், என்னிடம் ஒரு பெயர் உண்டு, அதைச் சொல்லப் போவதில்லை. ஏன் என்பது கடைசியில் புரியும்.

எங்கள் பக்கம் நீரோடியில் இருந்து இரையுமன்துறை வரை வரிசையாக ஊர்கள். எந்த ஊரிலும் சாயங்காலம் வலை காய்கிற இடம் போக மிச்ச மணலில் பந்து கிடக்கும். இந்திய அணிக்கு ஆடிய மைக்கேல் சூசைராஜ் இரையுமன்துறைக்காரர். சென்னை சிட்டிக்கு ஆடும்போது 2017-18 ஐ-லீக்கின் (ஐஎஸ்எல் அல்லாத இன்னொரு தேசிய லீக்) சிறந்த மிட்ஃபீல்டர், 2019-ல் கிங்ஸ் கோப்பையில் இந்தியச் சட்டை. அடுத்த வருஷம் சீசனின் முதல் மேட்சிலேயே முழங்கால் போனது. அந்தக் கால் மட்டும் போகாமல் இருந்திருந்தால்... சரி, அதை விடுங்கள்.

மணலில் ஆடிப் பழகினவனுக்கு ஒரு விஷயம் தானாக வரும். மணலில் பந்து உருளாது, செத்துக் கிடக்கும். ஆகவே பாஸ் எல்லாம் தரைக்கு மேலே, இடுப்பு உயரத்தில் வரும். அதைத் தொடையில் வாங்கி, கீழே விழுமுன் அடிக்க வேண்டும். நான் சொல்கிற பையன் பதினாறு வயதில் அதில் மன்னன். பந்து வருகிற வரைக்கும் பந்தைப் பார்க்கவே மாட்டான். முதலில் பின்பக்கத்தால் தடுப்பாளன் எங்கே நிற்கிறான் என்று தேடுவான், மாடு கம்பத்தில் உரசுகிற மாதிரி. அவன் உடம்பு தட்டுப்பட்டதும் அதிலேயே சாய்ந்துகொண்டு, பந்து தொடையில் பட்ட அதே வேகத்தில் இடது பக்கம் திரும்பிவிடுவான். தடுப்பாளன் சாய்ந்து நிற்க ஆள் இல்லாமல் முன்னால் விழுவான். புல் மைதானத்திலும் இதையே செய்தான். ஒரு வருஷம் எங்கள் மாவட்டப் போட்டிகளில் எத்தனை போட்டான் என்று கணக்கு வைத்திருந்தேன், முப்பதுக்கு மேல் எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

ஒரு பெரிய கிளப்பின் தேர்வுக்குக் கூட்டிப் போனேன். எந்தக் கிளப் என்று கேட்காதீர்கள். முதுகில் நம்பர் குத்திய பையன்கள் நாற்பது பேருக்குக் குறையாது. எழுதும் அட்டை ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஒருவர் வரிசையாகக் கேட்டு வந்தார், "என்ன பொசிஷன்?" இவன் "சென்டர் ஃபார்வர்டு சார்" என்றான். அவர் எழுதக்கூட இல்லை. "அது ஃபாரின் பிளேயர் ஆடுற இடம்பா. எந்தக் கால்?" "இடது கால் சார்." "லெஃப்ட் பேக்ல போய் நில்லு." அவ்வளவுதான். இருபது நிமிஷம் லெஃப்ட் பேக்கில், இடது ஓரத் தடுப்பில், நின்றான், ஓட்டம் இருந்ததால் எடுத்தும் கொண்டார்கள். ரிசர்வ் அணியில் இரண்டு சீசன் லெஃப்ட் பேக்.

அந்த மனிதரைத் திட்டவும் எனக்கு வாய் வரவில்லை. அவர் சொன்னது உண்மைதானே. ஐஎஸ்எல் தொடங்கிய 2014-ல் இருந்து 2024-25 வரை அதிக கோலுக்கான தங்கக் காலணி வாங்கியவர்களை எண்ணிப் பாருங்கள்: எலானோ, மெண்டோசா, மார்செலின்யோ, கோரோ, வால்ஸ்கிஸ், அங்குலோ, ஓக்பெச்சே, மவுரிசியோ, டியமன்டகோஸ், போன முறை அஜராய் 23 கோலோடு. ஒருவர்கூட இந்தியர் இல்லை. பழைய தேசிய லீகில் முதல் சீசன் அதிக கோல் பைச்சுங் பூட்டியா, இரண்டாவது சீசன் கொச்சிக்கு ஆடிய நம் ராமன் விஜயன். அப்போதும் வெளிநாட்டுக்காரர்கள் இருந்தார்கள்.

---

ஐ-லீக் பைத்தியம்:

கோச் சார், மன்னிக்கணும், இது கொஞ்சம் சுலபமான சாக்கு. 2014-ல் ஒரு அணியில் ஆறு வெளிநாட்டுக்காரர்கள் மைதானத்தில் நிற்கலாம். 2017-ல் ஐந்து ஆனது. 2021-ல் நான்கு. எண்ணிக்கை குறையக் குறைய இந்திய ஸ்ட்ரைக்கர் முளைத்திருக்க வேண்டுமே? எங்கே?

பெயர் கேட்டதற்குப் பெயர் தருகிறேன், பாலா.

லால்ரின்சுவாலா, ஐசால் எஃப்சி. 2023-24 ஐ-லீகில் இந்தியர்களில் அதிக கோல் அவருடையது. நல்ல ஒன்பது.

டேவிட் லால்லன்சாங்கா. 2023 டூரண்ட் கோப்பையில் கொல்கத்தாவின் முகமதன் கிளப்புக்கு ஆறு கோல், தங்கக் காலணி. அடுத்த வருஷம் ஈஸ்ட் பெங்கால் வாங்கியது. அங்கே அப்போது முன்வரிசையில் டியமன்டகோஸ், இவர் பெரும்பாலும் கடைசி இருபது நிமிஷம்.

அப்புறம் நம் காரைக்குடிப் பக்கத்து சிவசக்தி நாராயணன். 2022-23-ல் பெங்களூருவில் சேத்ரியையே பெஞ்சில் உட்கார வைத்து ஆடினவர், சீசனில் 6 கோல், சிறந்த வளரும் வீரர் விருது. இறுதிப் போட்டி தொடங்கிய சில நிமிடங்களிலேயே அடிபட்டு வெளியே போனார், பதிலுக்கு இறங்கியது சேத்ரி. அந்தக் காட்சியைத் திருப்பிப் போட்டுப் பார்த்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

மூன்று பேரையும் ஒரே முகாமில் வைத்து ஆறு மேட்ச் கொடுங்கள். நம் தேசிய அணியின் கோச் காலித் ஜமீல் 2016-17-ல் ஐசாலை வைத்து ஐ-லீகையே ஜெயித்தவர். ஆஷுதோஷ் மேத்தா, ஜயேஷ் ராணே மாதிரி மற்றவர்கள் வேண்டாம் என்று விட்ட ஆட்களை வைத்துதான் ஜெயித்தார். அவருக்குக் கண் இல்லை என்று சொல்ல முடியாது.

---

தூத்தூர் கோச்:

பைத்தியம் தம்பி, நல்ல பட்டியல். ஆனால் நீங்களே என் பக்கம் சாட்சி சொல்லிவிட்டீர்கள். அந்த ஐசால் அணியிலும் முன்னால் நின்றது யார்? ஐவரி கோஸ்ட்டின் காமோ பாயி, அவருக்குப் பின்னால் சிரியாவின் அல் அம்னா. காலித்தே அப்படித்தான் செய்தார், ஏனென்றால் கோச்சுக்கு வேலை போகக் கூடாது.

எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள், இடத்தைப் பாருங்கள். ஆறு, ஐந்து, நான்கு என்று குறையும்போது எந்த இடத்தை இந்தியர்களுக்கு விட்டார்கள்? முதலில் விங்கை விட்டார்கள், அப்புறம் ஓரத் தடுப்பை. மிச்ச நான்கு பேரும் வீட்டு நடுத்தூண் மாதிரி: ஒரு சென்டர் பேக், நடுவில் இரண்டு பேர், ஒரு சென்டர் ஃபார்வர்டு. அதனால்தான் நம்மிடம் விங்கர்கள் கொட்டிக் கிடக்கிறார்கள். சாங்தே, மகேஷ், விக்ரம் பிரதாப், உதாந்தா, சென்னைப் பையன் நந்தகுமார். மன்வீர் சிங்கைப் பாருங்கள், உயரம், உடம்பு எல்லாம் ஒன்பதாம் நம்பருக்கே செய்து வைத்தது. மோகன் பாகனில் அவர் ஆடுவது வலது ஓரம், ஏனென்றால் நடுவில் ஆஸ்திரேலியர் மெக்லாரன். வருஷம் முழுக்கக் கோட்டோரம் ஓடினவரை, இந்தியச் சட்டை போட்டதும் நடுவில் நிறுத்தி, முதுகில் ஆள் சாய வாங்கி ஆடு என்கிறோம். பழைய ஸ்ட்ரைக்கர் ஜேஜே போன்ற ஒருவருக்கு அப்புறம் அந்த இடத்தில் ஊறின ஆளே வரவில்லை. (ஜேஜே இப்போது மிசோரமில் எம்எல்ஏ. அங்கேயாவது நடுவில் நிற்கிறாரா பார்க்கவேண்டும்.)

டேவிட்டுக்குக் கடைசி இருபது நிமிஷம் என்றீர்களே, அதுதான் நோய். பதினெட்டில் இருந்து இருபத்திரண்டு வயது வரை வாரா வாரம் தொண்ணூறு நிமிஷம் அந்த இடத்தில் நின்று, நாலு வாய்ப்பைக் கோட்டைவிட்டு, ஐந்தாவதைப் போட்டுப் பழக வேண்டும். இந்த வருஷமோ நவம்பர் முடியப் போகிறது, ஐஎஸ்எல் தொடங்கவே இல்லை.

---

பெரம்பூர் பாலா:

கோச் சார், அந்தப் பையன் என்ன ஆனான்?

---

தூத்தூர் கோச்:

இரண்டு சீசன் முடிந்ததும் ஒப்பந்தத்தை நீட்டவில்லை. லெஃப்ட் பேக்காக அவனைவிட நல்லவர்கள் நிறைய இருந்தார்கள், அதிலும் தப்பு சொல்ல மாட்டேன். வேறு இரண்டு இடங்களுக்குப் போனான். அங்கே "முன்னால் எங்கே ஆடினாய்?" என்றார்கள், காகிதத்தில் லெஃப்ட் பேக் என்று இருந்தது. இப்போது 26 வயது. அப்பாவோடு ஆழ்கடல் படகில் போகிறான். போனால் முப்பது, நாற்பது நாள். பெயரைப் போட்டால் நாளைக்கே யாராவது போனை எடுத்துக்கொண்டு வந்து நிற்பார்கள், "அழிந்த திறமை" என்று வீடியோ போடுவார்கள். அவனுக்கு அது பிடிக்காது. கல்யாணம் ஆகி ஒரு பெண் குழந்தை, நன்றாகத்தான் இருக்கிறான்.

---

ஐ-லீக் பைத்தியம்:

சார், இப்போதும் ஆடுகிறானா?

---

தூத்தூர் கோச்:

கிறிஸ்துமஸுக்குக் கரைக்கு வந்துவிடுவான். மறுநாள் எங்கள் ஊரில் செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் ஆடும் போட்டி) உண்டு. அதில் வெளிநாட்டுக்காரர் கிடையாது, அவன்தான் நடுவில். போன வருஷம் இறுதிப் போட்டியில் இரண்டு போட்டான். இரண்டாவது, தொடையில் வாங்கித் திரும்பியதுதான். கொஞ்சம் உடம்பு போட்டிருக்கிறது, திரும்புவதற்கு முன்பைவிட அரை நொடி கூட ஆகிறது.

---

பெரம்பூர் பாலா:

வருகிறேன் சார். அனந்தபுரி எக்ஸ்பிரஸில் குழித்துறையில் இறங்கினால் போதுமா?

---

தூத்தூர் கோச்:

போதும். அங்கிருந்து மார்த்தாண்டம் வந்து தூத்தூர் பஸ் பிடியுங்கள். நாலு மணிக்கு முன்னால் வந்துவிடுங்கள், அப்புறம் மதில்மேல்கூட இடம் கிடைக்காது. பைத்தியம் தம்பியையும் கூட்டி வாருங்கள், அந்த மூன்று பெயரைப் பற்றி நேரில் சண்டை போடலாம்.