விவரக்குறிப்பை எப்போது கொடுத்தீர்கள்?

கணினி நிரலைப் படித்தே பிழை கண்டுபிடிப்பது நல்லதா, ஓட்டிப் பார்ப்பது நல்லதா என்று மாணவர்களை வைத்து ஒரு பரிசோதனை நடத்தினோம். 1987இல் மென்பொருள் ஆய்வாளர்கள் பாசிலியும் செல்பியும் வெளியிட்ட ஆய்வின் வழியில் வந்ததுதான். முடிந்ததும் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் ஆய்வுத் தரவைப் பொதுவில் வைக்கும் ஜெனோடோ தளத்தில் ஏற்றினேன்: நாங்களே பிழைகள் நுழைத்த மூன்று சி நிரல்கள், பயிற்சித் தாள், விடைத்தாள், தரவு. அதற்கான நிரந்தர அடையாளமான டிஓஐ எண் கிடைத்த அன்று அவ்வளவு சந்தோஷம்.

சில மாதம் கழித்து, அதை வைத்து எங்கள் பரிசோதனையைத் திரும்ப நடத்திய வேறொரு குழுவிலிருந்து மின்னஞ்சல். “படிக்கும் குழுவுக்கு விவரக்குறிப்பை எப்போது கொடுத்தீர்கள்?”

படித்ததுமே எனக்குப் பகீரென்றது. இந்த முறையில் நிரலை மட்டும்தான் முதலில் கையில் தரவேண்டும். சின்னச் சின்னப் பகுதியாகப் படித்து, நிரல் என்ன செய்கிறது என்று மாணவரே எழுத வேண்டும். அதை வாங்கி வைத்த பிறகுதான் விவரக்குறிப்பு, அதாவது நிரல் என்ன செய்யவேண்டும் என்று சொல்லும் தாள். இரண்டும் ஒத்துப்போகாத இடத்தில்தான் பிழை தெரியும். எங்களுக்கு அது பழகிப்போன விஷயம், அதனால் எங்கேயும் எழுதவில்லை. அவர்கள் ஆரம்பத்திலேயே கொடுத்துவிட்டார்கள். நிரலை ஒருமுறை பார்த்துவிட்ட மாணவர்களை வைத்து அதையே மறுபடி நடத்தவும் முடியாது. ஒரு பருவத்து உழைப்பு போயிற்று. இன்றும் அது எனக்கு உறுத்துகிறது.

இப்படிப்பட்டதை எழுதிவைப்பதற்கு டிஃபெக்ட்ஸ்4ஜேவை உதாரணமாக எடுத்துக்கொள்ளுங்கள். 2014இல் 357 நிஜப் பிழைகளோடு வந்த ஜாவா தொகுப்பு. அதன் சட்டகத்துக்கு வெளியே பிழைகளை எடுத்து ஓட்டுவதானால் நேர மண்டலத்தை அமெரிக்கா/லாஸ்_ஏஞ்சலஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்று கூடவே வரும் ரீட்மீ விளக்கக் கோப்பிலேயே சொல்லியிருக்கிறார்கள். ஜோடா-டைம் மாதிரி தேதியோடு புழங்கும் நிரல்களும் உள்ளே இருக்கின்றன, மண்டலம் மாறினால் பிழையே இல்லாத இடத்தில் டெஸ்ட் தோற்கலாம். அந்த ஒரு வரி எத்தனை பேருடைய நாட்களைக் காப்பாற்றியிருக்கும்!

அப்புறம் நான் இரண்டாம் பதிப்பு ஏற்றினேன். அமர்வு நடந்த வரிசையில் ஒரு கோப்பு: எந்தத் தாள் எப்போது கைமாறியது, எந்தக் கேள்விக்கு நாங்கள் வாயால் என்ன பதில் சொன்னோம், நேரம் முடிந்தும் எழுதிக்கொண்டிருந்தவர்களை என்ன செய்தோம். தரவையும் இன்னொரு முறை அலசினேன். ஒரு டெஸ்ட் கோப்பின் முதல் வரிக் குறிப்பில் ஒரு மாணவியின் பெயர் அப்படியே இருந்தது. நீக்கினேன்.

நாங்கள் நுழைத்த பிழைகளின் பட்டியலை மட்டும் பொதுவில் வைக்கவில்லை. அடுத்து உட்காரப்போகும் மாணவர் தேடினால் கிடைத்துவிடும். பரிசோதனை நடத்துபவர் எழுதிக் கேட்டால் அன்றே அனுப்பிவிடுகிறேன்.