மறு: ஹிப்போனாக்ஸின் யாப்புக்கு என்ன சொல்?

ஐயா,

கிரேக்கக் கவிஞர் ஹிப்போனாக்ஸின் பாட்டு வகைக்குத் தமிழில் 'அங்கதப் பாட்டு' என்றே போட்டுவிடலாம் என்கிறீர்கள். இன்றைக்கு அங்கதம் என்றால் சிரித்துக்கொண்டே ஊசி ஏற்றுவது. கி.மு. 6ஆம் நூற்றாண்டு ஹிப்போனாக்ஸ் அந்த ரகமே இல்லை. 'என் மேலாடையைப் பிடியுங்கள், பூப்பாலோஸ் கண்ணிலே ஒரு குத்து விடுகிறேன்' என்று தெருவில் நிற்கிறார் (பூப்பாலோஸ் அவரிடம் திட்டு வாங்கிய சிற்பி), தனக்கு இரண்டு கையும் வலக்கைதான், அடித்தால் தப்பாது என்று வேறு சொல்லிக்கொள்கிறார். தொல்காப்பியமே செம்பொருள் அங்கதத்துக்கு, அதாவது நேராகவே திட்டுவதற்கு, 'வசை' என்று பெயர் தந்திருக்கும்போது வசைப்பாட்டு என்பதில் என்ன தயக்கம்? 'அறம் பாடுதல்' (ஒருவர் அழியும்படி பாடுவது) என்று இன்னொருவர் சொன்னது, திட்டு தாங்காமல் அந்தச் சிற்பி தூக்கில் தொங்கினான் என்ற கதைக்குப் பொருந்தும் (ரோமானிய எழுத்தாளர் பிளினி அதை நம்பவில்லை, அதற்குப் பிறகும் அவன் சிலை செய்தான் என்கிறார்). வகைப்பெயராக ஆகாது.

சிக்கல் யாப்பில்தான். குறிலும் நெடிலும் மாறி மாறி வரும் வழக்கமான அயாம்ப அடியில் பன்னிரண்டு அசை, பதினோராவது குறுக வேண்டும். இவர் அங்கே நீட்டிவிடுகிறார். ஓடி வந்தவன் வாசற்படியில் கால் இடறியது மாதிரி அடி முடிகிறது. கிரேக்கர்களும் நொண்டி என்றுதான் அதை அழைத்தார்கள். ஆனால் 'நொண்டிச் சிந்து' என்று எழுதினால் குதிரை திருடிக் கால் இழந்த நொண்டி நாடகக் கள்ளன்தான் வந்து நிற்பான், 'நொண்டியடி' என்றாலோ பிள்ளைகள் விளையாட்டு.

என் பரிந்துரை: முடவடி. முடத்தெங்கு, முடமோசியார் என்று 'முட' நமக்குப் பழகிய முன்னொட்டு. அடி என்பது காலும் ஆகும், செய்யுள் வரியும் ஆகும், கிரேக்கச் சொல்லில்கூட இந்த வசதி இல்லை.

அப்புறம், பூச்சிப் பெயர்ப் பட்டியலில் 'பூப்பாலஸ்' பேரினத்தைத் தமிழாக்கக் கேட்டிருந்தீர்கள். ஐரோப்பியப் பைன் ஊசியிலையைத் தின்னும் காவடிப்புழுவின் அந்துப்பூச்சி அது. திட்டு வாங்கிய சிற்பியின் பெயர் அதன் தலையில், பாவம். அதை அப்படியே ஒலிபெயர்த்தால் போதும். ஆடுதின்னாப்பாளையில் முட்டையிடும் நம் சிவப்பு உடல் பட்டாம்பூச்சிக்கு 1758இல் லின்னேயஸ் டிராய் வீரன் ஹெக்டரின் பெயரை வைத்தார், அதை யாராவது தமிழாக்கினோமா?

'முடவடி யாப்பு' என்று நீட்ட வேண்டுமா, 'முடவடி' மட்டும் போதுமா? சொன்னால் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.